ஓநாய் சொன்ன சாட்சி

கரட்டூர் ராஜா கண்டபேரண்ட பூபதிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. காட்டு மான்களை ஒன்று விடாமல் வளைத்துப் பிடித்து அரண்மனைத் தோட்டத்தில் அடைத்துவிட்டார். காரணம்? சும்மா பார்த்துக்கொண்டிருக்கத்தான்!

சில நாளில் ஓநாய்கள் ஊருக்குள் வந்தன. உரத்துக்காக வயலில் கிடை போட்டிருந்த அரண்மனை ஆடுகளை அடித்துத் தின்றன. இடையன் மொக்கையன் அலறிக்கொண்டு சபைக்கு ஓடிவந்தான்.

"இத்தனை வருஷம் வராத ஓநாய் இப்ப ஏண்டா வருது? ஆட்டை நீயே குழம்பு வச்சுத் தின்னிருக்கே!" என்று ராஜா கத்தினார்.

"சத்தியமா ஓநாய்தான் சாமி!"

"அப்படின்னா அந்த ஓநாயே வந்து சாட்சி சொல்லட்டும். நாளை உச்சிக்குள்ள சொல்லலேன்னா உன் தலை உருளும்!"

மொக்கையன் பொலபொலவென்று அழுதான். பார்த்துக்கொண்டிருந்த மதியூகி அம்பலவாணனுக்கு மனசு கேட்கவில்லை. "ஓநாயைப் பேசவைக்கிறது என் பொறுப்பு, மகாராஜா" என்று சொல்லிவிட்டான். 

யோசித்தபடி தோட்டத்துப் பக்கம் நடந்தான். உள்ளே மான்கள் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தன. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேரே அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போனான்.

மறுநாள் சபை கூடியது. உச்சிப்பொழுது ஆயிற்று. ஓநாயையும் காணோம், ராஜாவின் சாப்பாட்டையும் காணோம். ராஜா நெளிந்தார். கொட்டாவி விட்டார். மொக்கையனின் மனைவி, இதுதான் புருஷனுக்குக் கடைசிச் சோறு என்று அழுதபடி கம்பங்களி கொண்டுவந்திருந்தாள். வாசனை வந்ததுதான் தாமதம். ராஜா அரியணையிலிருந்து பாய்ந்தார். சட்டியைப் பிடுங்கி, கிரீடம் சரியச் சரிய வழித்துத் தின்றார்.

"சாட்சி முடிஞ்சது, மகாராஜா" என்றான் அம்பலவாணன்.

"ஓநாய் எங்கேடா?"

"களி தின்னுட்டு நிக்குது."

அம்பலவாணன் ராஜா கையிலிருந்த சட்டியைக் காட்டினான்.

"ஓநாயோட சாப்பாட்டை நீங்க தோட்டத்துல அடைச்சீங்க. உங்க சமையல்காரங்களை நான் லாயத்துல அடைச்சேன். பசி வந்தா ராஜாவே அடுத்தவன் சட்டியில கை வைக்கிறார். பாவம், ஓநாய் என்ன பண்ணும்?"

ராஜா காலிச் சட்டியைப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். மொக்கையனை விடுவித்தார். முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார்.

"மான்களைக் காட்டுக்கு விரட்டுங்க! டேய், முதல்ல என் சமையல்காரங்களைத் திறந்து விடுடா, களி பத்தலை!"

"அது முறையில்லை மகாராஜா, முதல்ல மான்தான்" என்றான் அம்பலவாணன். "ஓநாய்தான் உங்களுக்கு முன்னாடியே பந்தியில காத்திருக்கு."