வாசல் வரை வந்த பால் விவரம்

வாசலுக்கு வந்த விருந்தாளியைத் துரத்திவிட்டு, யாருமே வரவில்லை என்று சாதிப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? பால் பண்ணையின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கோசலை பார்த்தாள்.

அன்று காலை நாற்பது ஊர்ப் பால் விவரத்தில் ஒன்றுகூட சர்வரில் ஏறவில்லை. விவரம் ஏறாமல் பாலை இறக்க முடியாததால் லாரிகள் வெயிலில் நின்றன.

"ஊர்க்காரங்களுக்கு அனுப்பத் தெரியலை. அவங்க அனுப்பியிருக்காங்கன்னா பத்து நிமிஷத்துல நிரூபி, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!" என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த நிபுணர் தணிகைவேலன்.

கோசலை லினக்ஸ் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினாள். வந்து சேர்ந்த விவரங்கள் மளமளவென்று ஓடின!

"எல்லாம் வாசலுக்கு வந்துடுச்சுங்க சார். சர்வருக்குக் காவல் நிக்கிற நம்ம ஃபயர்வால்தான் உள்ளே விடாம விரட்டுது."

"எந்த மடையன் அப்படி வெச்சான்?"

அவள் ஃபயர்வால் பட்டியலைத் திறந்தாள். அந்தத் தடைக்குப் பக்கத்திலேயே நேற்றைய தேதியும் தணிகைவேலன் பெயரும் இருந்தன.

கோசலை பவ்யமாகச் சொன்னாள்: "சார், அவர்கிட்ட நீங்களே சொல்லி, கொஞ்சம் கதவைத் திறந்துவிடச் சொல்லுங்களேன். பால் திரிஞ்சுடப் போகுது!"