அரசரின் பங்காளிகள்

முன்னொரு காலத்தில், பூர்வீகம் தேடும் ஆசை பிடித்த அரசர் ஒருவர் இருந்தார். வம்சாவளி சொல்லும் பிரமராயர் அவர்முன் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

"அரசே, யானையை ஒற்றைக் கையால் வீழ்த்திய உக்கிரசேனரின் வழித்தோன்றல் தாங்கள்!"

பூரித்துப்போன அரசர் அவருக்கு ஓர் ஊரையே கொடுத்தார். அதைப் பார்த்து நின்ற விகடகவி குப்பாண்டிக்கு மனம் பொறுக்கவில்லை. காலையில்தான் கயிறு திரிக்கும் காத்தாயி அவனிடம் வந்து அழுதிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பஞ்சத்துல அநாதையா வந்தவருங்க. 'நான் யாரு புள்ளைன்னே தெரியலையே'ன்னு சொல்லிக்கிட்டே செத்தாரு. அதத் தெரிஞ்சுக்கத்தான் கறவை மாட்டக் குடுத்தேன். ராயரு உக்கிரசேனர் வம்சம்னாரு. எண்ணெய்க்காரருக்கும் ஓடக்காரருக்கும் அதே பேரத்தான் சொல்லியிருக்காருங்க!"

அரசரோ, "என் வம்சத்தார் அனைவருக்கும் விருந்து! ஒருவரும் விடுபடக் கூடாது!" என்றார்.

குப்பாண்டியைக் கண்டாலே ஆகாத பிரமராயர் குழைந்தார். "அழைத்து வரும் பொறுப்பைக் குப்பாண்டிக்கே கொடுங்கள், அரசே. தவறினால் நாடு கடத்துங்கள்."

குப்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு வணங்கினான்.

விருந்தன்று பந்தியின் முன்வரிசையில் காத்தாயி, எண்ணெய்க்காரர், ஓடக்காரர் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. அரசரின் முகம் சிவந்தது.

"யார் இவர்கள்?"

"தங்கள் பங்காளிகள், அரசே. எல்லோரும் உக்கிரசேனர் வம்சம். சொன்னவர் பிரமராயர். அது மெய்யென்றால் அரண்மனையில் இவர்களுக்கும் பங்குண்டு. பொய்யென்றால் தங்கள் வம்சமும் பொய். எதுவென்று அவரே சொல்லட்டும்."

பிரமராயர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். ஓடக்காரர் அரசரைப் பார்த்து, "அண்ணே, சோறு எப்போ?" என்றார். அரசர் வெடித்துச் சிரித்தார்.

குப்பாண்டி சிரிக்கவில்லை. "தாங்கள் சிரிக்கலாம். தங்களுக்கு ஊர்கள் ஏராளம். இவளுக்கு இருந்தது ஒரே மாடு. செத்தவனின் ஏக்கத்தைக் காட்டி அதையும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார் இவர்!"

அரசரின் சிரிப்பு அடங்கியது. வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுக்கவைத்து, பிரமராயரை நாட்டைவிட்டே துரத்தினார்.

காத்தாயி எழுந்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரர் யாருங்க?"

"தெரியாதும்மா" என்றான் குப்பாண்டி. "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல இந்த அரண்மனையில நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"இன்று முதல் இருவர்!" என்று மீண்டும் சிரித்த அரசர், தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டார். பிறகு காத்தாயிக்கும் ஓடக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து, தனக்கும் ஓர் இலை போடச் சொன்னார்.