துடைப்பத்துக்கும் ஐ.எஸ்.ஐ.

ஓசூர்ப் பக்கம் குப்புராஜ் என்றொருவர் ஹெல்மெட் கம்பெனி நடத்தினார். அங்கே பெட்டி கட்டுகிறவள் செங்கமலம். ஒருநாள் முதலாளி ஒரு கட்டு போலி ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார்.

"சாயங்காலம் வியாபாரி வர்றார். அதுக்குள்ள அத்தனையும் ஒட்டியாகணும். ஒண்ணு மிஞ்சினாலும் உனக்கு வேலை கிடையாது."

"ஹெல்மெட்டைச் சோதனைக்கே அனுப்பலையே, முதலாளி?"

"ஸ்டிக்கர் ஒட்டினா தரம் தானா வந்துடும்!"

செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மகள் தினமும் ஸ்கூட்டரில் போகிறவள். ஆனாலும் உட்கார்ந்து ஒட்டினாள்.

சாயங்காலம் வியாபாரி ஹபீபுல்லா உள்ளே வந்து திகைத்து நின்றார். தண்ணீர்ப் பானை, துடைப்பம், முதலாளியின் நாற்காலி எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை! ஹெல்மெட்டில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"என்னம்மா கூத்து இது?"

"ஒட்டினா தரம் தானா வரும்னு முதலாளி சொன்னாருங்க. துடைப்பமும் சோதனைக்குப் போகலை, ஹெல்மெட்டும் போகலை. எதுல ஒட்டினா என்னங்க?"

ஹபீபுல்லா ஒரு ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் ஓங்கிப் போட்டார். அது இரண்டாகப் பிளந்தது. கொண்டுவந்த லாரியைக் காலியாகவே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

குப்புராஜ் கத்தினார்: "நாளையிலேருந்து இந்த வாசல்ல கால் வைக்காதே!"

"நாளைக்கு வருவேன் முதலாளி," என்றாள் செங்கமலம். "ஆனா தனியா வரமாட்டேன்."

சொன்னபடியே மறுநாள் வந்தாள், தர நிர்ணய அதிகாரியோடு.