கால் ஊன்றாமல் ஒரு பந்தயம்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசையை எடுத்துவிடுகிறேன், சத்தியம்!

புதிதாக ஓட்டுபவர்களுக்கும் நானூறு சிசி வண்டியையே தலையில் கட்டுவார் பைக் கடை முதலாளி தங்கவேலன். அவர் கடையில் விற்பனை வேலை பார்க்கும் அற்புதம் என்ற பெண்ணோ வண்டி வாங்க வந்தவரிடம், "தினம் ஆபீசுக்குத்தானேண்ணே? நூற்றைம்பது சிசியே போதும்" என்றுவிட்டாள்.

முதலாளி கொதித்தார். "அது என் வண்டியை ஜெயிக்குமா? என்ன பந்தயமென்று நீயே சொல். தோற்றால் நாளைக்கு வேலைக்கு வராதே!"

"பொங்கலுக்கு வைக்கிற ஸ்லோ ரேஸுங்க. கடைசியாக வருபவருக்கே பரிசு, கால் ஊன்றினால் அவுட்."

அற்புதம் சின்ன வண்டியில் ஆடாமல் ஊர்ந்தாள். பாதி வழியிலேயே கனத்த வண்டி சாய, முதலாளி இரண்டு காலையும் ஊன்றினார். "இப்படி எவன் ஓட்டுவான்?"

"பஸ் ஸ்டாண்டு நெரிசலில் எல்லோரும்தாங்க, தினமும்."

வாங்க வந்தவர் கொஞ்சம் யோசித்து, சின்ன வண்டியின் சாவியைக் கேட்டார். விற்றவளை எப்படித் துரத்துவது?

நான் சொன்னதாக மூச்சு விடாதீர்கள். தங்கவேலன் என் சம்பந்தி.