கல்லில் அடித்தும் போகாத சரிகை

மருதங்குளம் ஜமீன்தார் தேர்த் திருவிழாவுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, வெளுத்து வந்த அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தில் சரிகை கருத்துப் பல்லிளித்தது. அரண்மனையே அதிர்ந்துபோனது.

"அலசிக் கொடுடின்னா, கல்லில் அடிச்சுத் துவைச்சிருக்காளே பாவி!" என்று காரியஸ்தர் சபாபதி எகிறினார். "வடம் பிடிக்கிறதுக்குள்ள இது பழையபடி மின்னணும். இல்லேன்னா ஊரைவிட்டே ஓடிரு!"

சலவைக்காரி சிட்டம்மா கும்பிட்டாள். "எசமான், நான் கல் பக்கமே கொண்டுபோகல. பச்சைத் தண்ணியில அலசித்தான் எடுத்தேன்."

"பொய்! அசல் சரிகை அலசினால் போகுமா?" என்றார் காரியஸ்தர்.

"போகாதுங்க ஐயா. அடிச்சுத் துவைச்சாலும் போகாதுங்க. அதான் எனக்கும் தூக்கிவாரிப் போட்டுது."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் ஜமீன்தார்.

"இதோட சோடி காரியஸ்தர் ஐயா தோளில் கிடக்குதே, எசமான்! ரெண்டையும் அவுகதான் ஒண்ணா வாங்கியாந்தாக. உங்களுது ஒரு அலசலுக்கே தாங்கல. அவுகளுதை வாரா வாரம் கல்லில் அடிச்சுத் துவைக்கிறேன், இன்னும் கண்ணைப் பறிக்குது."

ஜமீன்தார் திடுக்கிட்டுக் காரியஸ்தரின் தோளைப் பார்த்தார்.

தோள் காலி. அங்கவஸ்திரம் அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.