மகாராஜா வாங்கிய மதிப்பு

சிங்கவனத்து ராஜா தீரசேகரனுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் கட்டிய கலாசாலை. இன்னொன்று, அங்கே வெள்ளிக்கிழமைதோறும் அவரே நடத்தும் ராஜதந்திர வகுப்பு.

ஒருநாள் உத்தரவு போட்டார்: "எந்த வாத்தியார் நடத்துவது புரிகிறது என்று மாணவர்களே சொல்லட்டும். வாத்தியார் ஒவ்வொருவருக்கும் ஒரு பானை வையுங்கள். புரிந்தால் ஒரு புளியங்கொட்டை போடட்டும். முடிவைச் சபையறியச் சொல்ல வேண்டும். கடைசியில் வருபவர் கலாசாலையை விட்டுப் போக வேண்டும்."

பானைகள் திரைக்குப் பின்னால் இருந்தன. யார் எதில் போட்டார்கள் என்று தெரியாது. வந்தது வினை. ராஜாவின் பானையில் மருந்துக்குக்கூட ஒரு கொட்டை இல்லை!

முடிவை அறிவிக்கவேண்டியவர் அரசவை விகடகவி குழைக்காதர். தலைமை ஆசான் உக்கிரமூர்த்தி அவரைத் தனியே இழுத்தார்.

"ராஜா பானையை ஒளித்துவிடும், ஓய். அடுத்த கடைசி இலக்கண வாத்தியார் பிச்சாண்டி. தொலையட்டும். என் செய்யுளிலேயே சந்திப் பிழை பார்க்கிற ஆள்!"

"மாட்டேன் என்றால்?"

"ராஜாதான் கடைசி என்று சபையில் சொல்லும். உம்ம தலை உருளுவதை நாங்களும் பார்க்கிறோம்."

மறுநாள் சபை கூடியது. பிச்சாண்டி மூட்டை கட்டிக்கொண்டே வந்திருந்தார். குழைக்காதர் ஒவ்வொருவர் கணக்கையும் வாசித்துவிட்டுக் குரலை உயர்த்தினார்.

"மற்றவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் புளியங்கொட்டை. மகாராஜா ஒருவருக்குத்தான் பூஜ்யம்!"

ராஜா பூரித்துப் போனார். "அடடே! பிள்ளைகளுக்கு என்மேல் அவ்வளவு மரியாதையா?"

"பூஜ்யம் பெற்றவர் இனியும் வகுப்பில் நின்று தொண்டை வறளக் கத்துவது தகுமா, பிரபு?"

"தகாது, தகாது. இன்றோடு நிறுத்திவிட்டேன்."

"அப்படியானால் உத்தரவு நிறைவேறிவிட்டது. பிச்சாண்டி, மூட்டையை அவிழும்."

உக்கிரமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. "ஏமாறாதீர்கள், பிரபு! பூஜ்யம் என்றால் சைபர்! உங்கள் பானை காலி!"

சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. ராஜாவின் முகம் சிவந்தது.

"குழைக்காதரே, என் வகுப்பு ஒருவருக்குமே புரியவில்லையா?"

"அப்படிச் சொல்லிவிட முடியாது, பிரபு. இப்போது உங்களுக்குப் புரிந்துவிட்டதே!"

ஒரு கணம் முறைத்த ராஜா, வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதருக்குப் போட்டார். உக்கிரமூர்த்தியும் சிரித்துவைத்தார். வேறு வழி?