ஒரு அடி கூட்டிய முளை

ணங்கென்று ஒரு சத்தம் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது.

கடப்பாரையைப் பிடித்திருந்த உச்சிமாகாளி அப்படியே நின்றார். எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் காதுக்குத் தெரிந்துவிட்டது. பாறை இப்படிப் பேசாது, உடைந்த ஓடும் இப்படிப் பேசாது.

“வந்துட்டாரும்மா” என்றார்.

“தோண்டுங்க அண்ணாச்சி. மூஞ்சியைப் பாத்திருவோம்” என்றார் கோமதிநாயகி.

மண்ணை விலக்கியதும் பழைய எல்லைக் கல்லின் தலை தெரிந்தது. இனி வேலை நடக்கும். ரோட்டோரம் இருந்த அந்தக் கல்லிலிருந்து வாய்க்கால் வரைக்கும் ஒரே நிலம். நாலு அண்ணன்மார், ஒரு தங்கச்சி. நீதிமன்றம் ஐந்து சமபங்கு என்று சொல்லிவிட்டது. பங்காளிகள் மதியம் வருவார்கள், அதற்குள் பங்கு பிரிக்கும் முளைக்குச்சிகளை அடித்து வைக்க வேண்டும்.

கோமதிநாயகி உரிமம் பெற்ற நில அளவர். உச்சிமாகாளி அவரிடம் தொழில் பழகுபவர், அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மனுஷன், ஒருநாள் இந்த அம்மா சங்கிலி விரித்து வயலை அளப்பதைப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்தார். அப்படியே பின்னால் வந்துவிட்டார். சின்னவர் குரு, பெரியவர் சீடர் என்று ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு அதுவே பழகிப்போனது.

இப்போது சிரிக்க ஒன்றுமில்லை. சட்டமன்றத்தில் புதுச் சட்டம் நிறைவேறியிருந்தது. இதுவரை உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில், பழகியவரும் கல் நடலாம். இனி வாரியம் வைக்கும் பரீட்சையில் தேறியவர்தான் நடலாம். பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்குப் பரீட்சை கிடையாது, உரிமம் நேரே கிடைக்கும். கட்டட வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளர்களுக்கும் இதே மாதிரி ஒரு வரம்பு.

உச்சிமாகாளிக்குப் பதினான்கு வருஷம்.

சங்கிலியை உதறிக்கொண்டே கேட்டார்.

“அம்மா, நான் எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கேன்னு சான்று எழுதணும்லா?”

“எழுதணும்.”

“ஒரு வருஷம் கூட்டி எழுதிருங்க.”

கோமதிநாயகி அவரைப் பார்த்தார்.

“டவுன்ல எஞ்சினியர் இருதயராஜ் அவரு ஆளுங்க ரெண்டு பேருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தாராம். யாரு எண்ணிப் பாக்கப் போறான்னு சிரிக்காரு.”

“பரீட்சைதான் எழுதுங்களேன்.”

“எட்டாங்கிளாஸ்ல ஓடி வந்தவன் நான். வயல்ல நிறுத்தி மூலை மட்டம் பாருன்னு சொல்லுங்க, பாத்திருவேன். பெஞ்சில உக்கார வச்சா என் பேருக்கே எழுத்து மறந்துருது. தேறலேன்னா திரும்ப மில்லுக்குத்தான் போகணும். இந்த முதுகு இனி மூட்டைக்கு ஆகாதும்மா.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “ஒரு வருஷம்தானே.”

கோமதிநாயகி குனிந்து பையைத் திறந்தார். முளைகளை எடுத்துக் கொடுத்தார்.

“கல்லுல இருந்து ஆரம்பிங்க. முதல் பங்குக்கு மட்டும் ஒரு அடி கூட்டி முளை அடிங்க.”

“கூட்டியா?”

“ஒரு அடிதானே. அடுத்த மூணு பங்கையும் சுத்தமா அளந்திருங்க.”

உச்சிமாகாளிக்கு அது பிடிபடவில்லை. ஆனால் சொன்னவர் குரு. கூட்டி அடித்தார். அங்கிருந்து சங்கிலியை இழுத்து இரண்டாவது பங்கு, அப்புறம் மூன்றாவது. அளவு இம்மி பிசகவில்லை. வரிசையைத் திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது, யாருக்கும் எதுவும் குறைந்த மாதிரியே இல்லை.

நாலாவது பங்கு முடிகிற முளை ஒரு பிச்சிக்கொடியின் நடுவில் போய் விழுந்தது. தயங்கித் தயங்கி அதையும் அடித்தார்.

பூப்பெட்டியோடு வந்த செல்லத்தாயி நின்றுவிட்டாள். அவள்தான் அந்தத் தங்கச்சி; கடைசிப் பங்கு அவளுடையது.

“என்ன அண்ணாச்சி, என் கொடிக்கு நடுவுல கம்பு நிக்கி?”

“அளவு அப்படி வருது தாயி.”

“எப்படி வரும்? எங்கய்யா எனக்குன்னு ஒதுக்கிப் போட்ட வரப்புக்கு இந்தப் பக்கம் வச்ச கொடி இது. அண்ணன்மாரு யாருக்கும் குறையலையே. எனக்கு மட்டும் எப்படிக் குறையுது?”

“ஒரு அடிதான் தாயி” என்றார் உச்சிமாகாளி. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது.

“அந்தப் பக்கம் வாய்க்கால். ஒரு அடிக்கு நான் தண்ணிக்குள்ள இறங்கி நிக்கவா?” செல்லத்தாயி பெட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “கோர்ட்டுல மனு போட்டு உங்களைக் கூட்டியாந்தவளே நான். எனக்கேவா? மில்லுல எடை குறைச்சுப் போட்ட பழக்கம் இன்னும் விடலையோ?”

உச்சிமாகாளிக்கு முகம் சுண்டிப்போனது. மில்லில் மூட்டை தூக்கினாரே தவிர, ஒருநாளும் தராசைத் தொட்டதில்லை. அதை இப்போது எந்த வாயால் சொல்வது?

கோமதிநாயகிதான் முன்னால் வந்தார்.

“இது நான் அடிக்கச் சொன்ன முளை. நிக்காது. பங்காளிக வாரதுக்குள்ள எடுத்திட்டுச் சரியா அடிச்சிருவோம். நீங்க பூவைப் பறிங்க.”

“நிக்காம இருந்தாச் சரி” என்று முனகிக்கொண்டே அவள் கொடிப்பக்கம் போனாள்.

உச்சிமாகாளி வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார். தண்ணீர் சலசலவென்று ஓடியது. முதல் பங்கில் கூட்டிய ஒரு அடி கடைசிப் பங்கில் போய்க் குறைந்திருந்த அந்த முளை வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு உள்ள வருஷத்தையே எழுதுங்கம்மா” என்றார்.

“சரி.”

“ஆனா எனக்கு ஆறலை. பதினஞ்சுன்னா அளவரு, பதினாலுன்னா ஒண்ணுமில்லையா? அந்த வரம்பு சரியாம்மா?”

“சரின்னு நான் எப்போ சொன்னேன்?” கோமதிநாயகியும் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஒரு கல்லு தப்பான இடத்துல நிக்கி. நாம என்ன செய்வோம்?”

“எல்லாப் பங்காளிக்கும் நோட்டீஸ் கொடுப்போம். பகல்ல வரச்சொல்லி, அத்தனை பேருக்கும் முன்னால பிடுங்கி நடுவோம்.”

“ராத்திரியில ஒருத்தன் தனியா வந்து நகத்தினா?”

“அவன் களவாணி.”

கோமதிநாயகி சிரிக்கவில்லை. உச்சிமாகாளி சிரித்துவிட்டார், தன்னை நினைத்து.

“சட்டம்தான் வந்திருக்கு அண்ணாச்சி. அதுக்கு விதி எழுதி முடிக்கலை. ஆட்சேபம் இருந்தா சொல்லுங்கன்னு சர்க்கார்ல கேட்டிருக்காக. பரீட்சையை வயல்ல வச்சு நடத்துங்கன்னு எழுதிப் போடுவோம். சங்கிலியைக் கையில கொடுத்துப் பாருங்கன்னு கேப்போம். முதல் கையெழுத்து உங்களது, அடுத்தது என்னோடது. அது ஒரு பக்கம் போகட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, பெஞ்சில உக்காந்து எழுதிப் பழகுவோம்.”

“உங்களுக்குத்தான் பரீட்சையே கிடையாதே. நீங்க எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

“இந்த வயல்ல எனக்குப் பங்கா இருக்கு? அப்பவும் அளக்க வரலையா?”

உச்சிமாகாளி ஒரு புல்லைக் கிள்ளி வாயில் வைத்தார். மனசு இன்னும் அடங்கவில்லை.

“அவ்வளவு பெரிய சர்க்காரு. மூட்டை தூக்கினவன் எழுதிப் போட்டா படிப்பாகளாம்மா?”

கோமதிநாயகி செல்லத்தாயி இருந்த பக்கம் பார்த்தார். கொடிக்குள் அவள் தலை மட்டும் தெரிந்தது.

“மனு போட்டவக எல்லாரும் ஜெயிச்சதில்லை. ஆனா ஒருத்தரும் மனு போடாத வயல்ல நாம இன்னைக்கு வரைக்கும் சங்கிலி விரிச்சதில்லையே அண்ணாச்சி.”

உச்சிமாகாளி வாயிலிருந்த புல்லைத் துப்பினார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பிச்சிக்கொடியின் வேர் அறுந்துவிடாமல் அந்த முளையை இரண்டு கையாலும் மெல்ல அசைத்துப் பிடுங்கினார். மண்ணைத் தட்டிவிட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த முளைக்கு நடந்தார்.